கை தூக்கியவள்

என் தங்கையை வீட்டில் எல்லோரும் வக்கீல் என்றுதான் கூப்பிடுவோம். பேச்சு ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகத்தான் வரும். ஆனால் அது வந்து முடிவதற்குள் எதிராளி தோற்றிருப்பார். பிறந்ததிலிருந்தே அவள் கைகால்கள் சொன்ன பேச்சைக் கேட்டதில்லை. வலது கை எந்நேரமும் நடுங்கும். "இந்த வீட்டுல என் பேச்சைக் கேக்காதது ரெண்டு. ஒண்ணு என் கை, இன்னொண்ணு அண்ணன்" என்பாள்.

சட்டம் படிக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். அறுவை சிகிச்சைகளிலேயே சில வருடங்கள் போய்விட்டதால், வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. பள்ளித் தேர்வுகளில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதினார். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வோ கம்ப்யூட்டரில். மவுஸைத் தட்டினால் போதுமே, எழுத ஆள் எதற்கு என்று மறுத்துவிட்டுக் கூடுதல் நேரம் மட்டும் கொடுத்தார்கள். சரியாகப் பதில் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாக வரும், தவறினால் சுலபமாக வரும். தாண்டிய கேள்விக்குத் திரும்பிப் போக முடியாது.

அன்று வாசலில் அம்மாவும் நானும் காத்திருந்தோம். வெளியே வந்தவளிடம் அம்மா, "எப்படிடி இருந்துச்சு?" என்றாள்.

"போகப் போக... ரொம்ப சுலபம்மா."

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. நின்றிருந்த பெற்றோர்களிடமெல்லாம், "என் பொண்ணுக்குச் சுலபமாம்" என்று சொல்லிக்கொண்டே போனாள். தங்கையின் முகமோ பேயறைந்த மாதிரி இருந்தது.

"கடைசியில... வாரத்துக்கு எத்தனை நாள்னு... கேட்டுச்சு அண்ணா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 'அடுத்த கேள்வி' பொத்தானை அவள் ஒரு முறை அழுத்தினால் நடுக்கத்தில் இரண்டு மூன்றாக விழுந்திருக்கிறது. அவள் படித்துக்கூடப் பார்க்காத கேள்விகள் விடையில்லாமல் ஓடிப் போயிருக்கின்றன. இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிய இயந்திரம் படிப்படியாகக் கீழே இறங்கி, குழந்தையிடம் கேட்பதை என் வக்கீலிடம் கேட்டிருக்கிறது.

மனு கொடுத்தோம். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் ஓர் அதிகாரியும், தேர்வு அறையில் மேற்பார்வை பார்த்த அம்மாளும். இந்தப் பக்கம் தங்கையும் நானும். அதிகாரி கெட்டவரில்லை, அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

"மெஷின்ல கோளாறு இல்லையேம்மா. பேசக் கூடாது, ஏதாவது பிரச்சனைன்னா கையைத் தூக்கணும்னு முதல்லயே சொன்னாங்கல்ல?"

"தூக்கினேன் சார்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். மேற்பார்வையாளர் அம்மாள் தயங்கினார். "கை மேலதான் இருந்துச்சு சார். ஆடிக்கிட்டே இருந்துச்சு. அவங்களுக்கு எப்பவும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

"பார்த்தீங்களா? தெரியற மாதிரி தூக்கியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது" என்று ஆரம்பித்த அதிகாரி, விதிமுறை, மற்ற மாணவர்கள், சமநீதி என்று நெடுநேரம் பேசினார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது தங்கை கேட்டாள்.

"சார்... இப்போ நான்... என்ன செய்யறேன்?"

எல்லோரும் பார்த்தோம். அவளுடைய வலது கை காதுக்குப் பக்கத்தில், நடுங்கிக்கொண்டே, உயர்ந்து நின்றது.

"எப்போலேர்ந்தும்மா?"

"நீங்க பேச... ஆரம்பிச்சதுலேர்ந்து."

மேற்பார்வையாளர் அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டார். அதிகாரி மெல்ல, "என்னம்மா வேணும்?" என்றார்.

"இதை... அன்னைக்குக் கேட்டிருக்கணும் சார்."

எழுத ஆளோடு மறுதேர்வு கொடுத்தார்கள். வக்கீல் ஜெயித்துவிட்டாள் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்குத்தான் இன்னும் நெஞ்சு ஆறவில்லை. அந்த அறையில் அவளோடு தோளோடு தோள் உட்கார்ந்திருந்தவன் நான். அவள் கை தூக்கியிருந்தது எனக்கும் தெரியவில்லை.