கசக்குதா சித்தப்பா?

எங்கள் சித்தப்பா வாயைத் திறந்தால் பொய். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு சங்கடமும் இல்லை, அவரே பெருமையாக ஒத்துக்கொள்வார். ஒருமுறை திண்டிவனம் பஸ்ஸில் அவர் பக்கத்து சீட்டில் ஒரு நரி வந்து உட்கார்ந்ததாம். கண்டக்டரிடம் ஒழுங்காக டிக்கெட் வாங்கியதாம். கூட்டேரிப்பட்டில் இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து ரோட்டைக் கடந்து போனதாம். அம்மா கரண்டியும் கையுமாக நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, "நரிக்கு சில்லறை நீங்கதான் குடுத்தீங்களா தம்பி?" என்பாள். அப்பா அதுகூடக் கேட்கமாட்டார். தம்பி பேச ஆரம்பித்தாலே பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். வீட்டில் அவரை நம்பியவள் நான் ஒருத்திதான். அப்போது எனக்கு ஏழு வயது.

வீட்டுக்கு வெளியே அவரை நம்பியவை கௌதாரிகள். இரண்டு கைகளையும் குவித்து வாயில் வைத்து அவர் கூப்பிட்டால், புதர்க்காட்டில் எங்கிருந்தோ ஒன்று பதில் சொல்லும். இவர் இன்னொன்று சொல்வார். அது இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து பதில் சொல்லும். கடைசியில் கண்ணியில் காலை வைக்கும். இதற்கெல்லாம் இப்போது கேஸ் போடுவார்கள். அப்போதும் போட்டிருப்பார்கள், எங்கள் ஏரிக்கரை வரைக்கும் யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

நாங்கள் விழுப்புரத்தில் இருந்தோம். அனந்தபுரம் பக்கத்திலிருந்த சொந்த ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது சித்தப்பா. பொங்கல் லீவுக்கு எல்லாரும் அங்கே போனபோது, கண்ணி வைக்க என்னையும் கூட்டிப்போகச் சொல்லி முதல்நாளே அழுது வைத்திருந்தேன். விடிவதற்கு முன்னால் எழுப்பி, தலையில் துண்டைச் சுற்றிவிட்டு அழைத்துப் போனார். அப்படி ஒரு பனியை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. ஏரியும் இல்லை, கரையும் இல்லை. நடக்க நடக்க ஒரு பனைமரம் வரும், நம்மைப் பார்க்கும், மறுபடி போய்விடும். தூக்கத்தில்தான் நடக்கிறோமோ என்றுகூட நினைத்தேன். சித்தப்பாவின் சட்டை நுனியை விடவே இல்லை.

கரைக்குக் கீழே ஒரு கற்குவியல். அதன் இடுக்கில் கண்ணியின் முளையைச் செருகக் கையை விட்டவர், வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். போனில் டார்ச்சைப் போட்டார். கறுப்பாக ஒன்று, உடம்பெல்லாம் வெள்ளை வளையல் அடுக்கியதுபோல், ஒரு அவசரமும் இல்லாமல் கல்லுக்குள் போய்க்கொண்டிருந்தது. "அழகா கீது சித்தப்பா" என்றேன்.

"கட்டுவிரியன்" என்றார். சித்தப்பா எந்த ஜோடனையும் இல்லாமல் ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டது அதுதான் முதல்முறை.

விரலில் இரண்டு புள்ளிகள், ஊசி குத்திய அளவுக்கு. ரத்தம்கூட இல்லை. "வலிக்குதா?" என்று கேட்டேன். "எறும்பு கடிச்சாப்பலகூட இல்ல. அதான் பேஜாரு. பல்லு மட்டும் பட்டுச்சா, விஷம் எறங்குச்சான்னே தெரில" என்று விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அப்பாவுக்கு போன் போட்டார். "அண்ணா, கட்டுவிரியன் புடுங்கிடிச்சிண்ணா. வண்டிய எடுத்துக்கினு ஏரிக்கரைக்கு வா."

"டேய், காலங்காத்தால ஆரம்பிச்சிட்டியா?" என்று அப்பா வைத்துவிட்டார்.

சித்தப்பா கோபப்படவில்லை. மறுபடி போட்டு, போனை என் காதில் வைத்தார். "நீ பேசு கண்ணு. நீ சொன்னா நம்புவாரு." நான் "அப்பா" என்றதும் அழுகை முட்டிக்கொண்டு வந்துவிட்டது. அதற்குமேல் ஒரு வார்த்தை வரவில்லை. அந்தப் பக்கம் கட்டில் கிறீச்சிடும் சத்தம் கேட்டது.

நடந்தால் விஷம் சீக்கிரம் ஏறும் என்று அவர் கல்லில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். என் அழுகை நிற்கவில்லை. "இந்தா, அழுவாத" என்றார். "வேப்பிலை தின்னு பாத்தா தெரிஞ்சிடும். கசந்துச்சின்னா விஷம் ஏறல. சப்புன்னு இருந்தாதான் ஆளு காலி. கரை மேல மரம் கீது பாரு, ஒரு கொத்து ஒடிச்சிக்கினு ஜல்தி வா." இது அவருடைய கதை இல்லை. எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்பியது, அவரும் நம்பியது.

பனிக்குள் ஓடினேன். கரை மேல் பெரிய மரம் ஒன்று கிளையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. ஒல்லி ஒல்லியாக, வரிசை வரிசையாக இலைகள் தொங்கின. டவுன் பிள்ளையான நான் வேப்பிலையை மாரியம்மன் கோயில் கரகத்தில்தான் பார்த்திருக்கிறேன். கைகொள்ளும் மட்டும் உருவிக்கொண்டு, விழுந்தடித்து ஓடிவந்தேன். வருவதற்குள் என் பிடியில் எல்லாம் கசங்கி ஒரே பச்சை உருண்டையாகியிருந்தது. அதை நானே அவர் வாயில் ஊட்டினேன்.

மென்றார். நிறைய நேரம் மென்றார். என்னைப் பார்க்காமல் பனியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கசக்குதா சித்தப்பா?"

விழுங்கினார். அப்புறம்தான் முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு, "யப்பா! இன்னா கசப்பு! நாக்கே கழண்டுடும்போல கீதே!" என்றார். நான் கைதட்டிக் குதித்தேன். கற்குவியலைச் சுற்றி ஆடினேன் என்றே நினைக்கிறேன்.

அவர் தன் வாட்சைக் கழற்றி என் கையில் கட்டினார். "வேப்பிலை பறிச்சதுக்குக் கூலி." அது முழங்கைக்கு மேலே ஏற்றினால்தான் நின்றது. "அப்பா மாதிரி மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு இருக்காத. சிரிச்சிக்கினே இரு" என்றார். பிறகு என் கைகளைக் குவித்துக் கௌதாரிபோல் கூப்பிடச் சொல்லிக்கொடுத்தார். வெறும் காற்றுதான் வந்தது. அவர் ஒருமுறை கூப்பிட்டார், மெதுவாக. ஒரு கௌதாரி புதரை விட்டு வெளியே வந்து, எங்களுக்கு முன்னால் வெட்டவெளியில் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்தது. கண்ணி வைக்கவே இல்லை. "போ, போ. ஒண்ணுமில்ல போ" என்று அதனிடம் சொன்னார். பனி மெல்ல மஞ்சளாகிக்கொண்டு வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சந்தோஷமான விடியலை நான் அப்புறம் பார்க்கவில்லை. அப்பா கொஞ்சம் மெதுவாக வரட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

அப்பா வந்தபோது சித்தப்பாவின் இமைகள் பாதி இறங்கியிருந்தன. விடிகாலையில் எழுந்தது, தூக்கம் வராதா என்ன என்று நினைத்தேன். என்னை முன்னால் ஏற்றி, தம்பியைப் பின்னால் உட்காரவைத்து, தன் இடுப்போடு சேர்த்துத் துண்டால் கட்டிக்கொண்டு அப்பா வண்டியை விரட்டினார். "தூங்காதடா! பேசுடா! அந்த நரி கதையச் சொல்லுடா, பஸ்ல வந்துச்சே, அந்த நரி!" என்று வழியெல்லாம் கத்தினார். அந்தக் கதையை அப்பா வாய்விட்டுக் கேட்டது அன்றைக்குத்தான். சித்தப்பா கதையில் கூட்டேரிப்பட்டைத் தாண்டாமல் குழறினார். "பயப்படாதப்பா, வேப்பிலை கசந்துச்சி" என்று நான் தைரியம் சொன்னேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின் வைத்து மூச்சு கொடுத்தார்கள். ஊசிமேல் ஊசி போட்டார்கள். பிழைத்து, இளைத்துப்போய் வீட்டுக்கு வந்தார். வாட்சை அவர் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

கோடை லீவில் மறுபடி ஊருக்குப் போனேன். நல்ல வெயிலில் இரண்டு பேரும் ஏரிக்கரையில் நடந்துகொண்டிருந்தோம். மரம் நிறைய ரோஸ் நிறப் பூ. "சித்தப்பா, இதான் நான் இலை பறிச்ச வேப்பமரம்" என்று காட்டினேன்.

அவர் நின்றுவிட்டார். "இதுலயா பறிச்ச? அதோ, அந்தாண்ட கீதே, அதுல இல்ல?"

"இதுலதான். அன்னிக்கி இலையெல்லாம் மூடிக்கினு ஒல்லியா இருந்துச்சி."

"இது தூங்குமூஞ்சி மரம் கண்ணு. ராவுல இலைய மூடிக்கும், வெயில் வந்தாதான் தெறக்கும்" என்றார். எட்டி நாலு இலை பறித்து வாயில் போட்டு, அன்றைக்குப்போலவே நிறைய நேரம் மென்றார். அப்படியே வேரில் உட்கார்ந்துவிட்டார்.

"கசக்குதா சித்தப்பா?"

"இல்ல கண்ணு" என்றார். "சப்புன்னு கீது. அன்னிக்கி மாதிரியேதான் கீது." சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு நிற்கவில்லை. சட்டையைத் தூக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், இன்னும் இரண்டு இலை பறித்து மென்றார், மறுபடி சிரித்தார்.

எனக்கு வந்ததே கோபம்! "அப்ப எதுக்குக் கசக்குதுன்ன? சப்புன்னு கீதுன்னு சொல்லியிருந்தா நான் வேற மரத்துல பறிச்சிக்கினு வந்திருப்பேன் இல்ல?" என்று கத்தி, வாட்சைக் கழற்றி நீட்டினேன். பொய்க்குக் கொடுத்த கூலி எனக்கு வேண்டாம். அவர் அதை வாங்கி, மறுபடி என் கையிலேயே கட்டிவிட்டார்.

ஊருக்கெல்லாம் புளுகுவார், சரி. என்னிடமுமா? வீடு வரும்வரை நான் அவரோடு பேசவில்லை. பின்னால் வந்தவர் சிரித்துக்கொண்டேதான் வந்தார், நடுநடுவே மூக்கை உறிஞ்சினார். இந்த வெயிலில் ஜலதோஷம் எப்படிப் பிடித்தது என்று நினைத்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.