குரங்குக்குட்டி தானாகக் கத்தும்
கலைச்செல்விக்கு வாய் ஓயாது. வள்ளியூரில் இருந்தவரை அப்படித்தான். கல்யாணமாகி, மலையாளம் பேசும் ஆரியசாலைக்கு வந்து, மகள் பிறந்த பிறகுதான் அந்த வாய் அடைபட்டது. அடைத்தது வேறு யாருமில்லை, அவளேதான்.

கணவன் லிங்கராஜ் ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். பிள்ளை தூங்கிய பிறகுதான் வீடு வருவான். இந்த ஊர்ப் பிள்ளைகளோடு ஒட்டட்டும் என்று மகளுக்கு லிபி என்று பெயர் வைத்திருந்தான். பக்கத்து வீட்டு ஷிஜி ஒரு யோசனை சொன்னாள்: "சேச்சி, ரெண்டு பாஷை கேட்டா மோளு குழம்பிப் போவும். மலையாளம் மாத்ரம் மதி, வேற வேண்டாம்."

சொல்லிவிட்டு ஷிஜி போய்விட்டாள், அவளுக்கென்ன! கலைச்செல்விக்கு மீன் வாங்குகிற அளவுக்குத்தான் மலையாளம் வரும். அதனால் டிவியை மலையாளத்தில் ஓடவிட்டு, பிள்ளையிடம் பேசாமலே இருந்தாள். தப்பித்தவறித் தமிழ் வந்துவிட்டால் சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொள்வாள்.

லிபிக்கு மூன்று வயது முடிந்தது. ஒரு வார்த்தை இல்லை.

காதைச் சோதித்தார்கள், குறையில்லை. பேச்சுப் பயிற்சி தரும் ராகேல் எல்லையோரப் பாறசாலைக்காரி, தமிழிலேயே விசாரித்தாள். கலைச்செல்வி எல்லாவற்றையும் கொட்டிவிட்டுக் கெஞ்சினாள்.

"தானா வந்துரும்லா மேடம்? குரங்குக்குட்டிக்கு யாரு சொல்லிக் குடுக்கா? அது கத்தலையா?"

"குரங்கு கத்தும். தாயைப் பிரிச்சு வளத்தாலும் அதுக்க சத்தம் அதுக்கு வரும். கரிச்சான் குருவி அப்படி இல்லை. குஞ்சுல தகப்பன் பாடுறதைக் கேக்காம வளந்தா, பெரிசானாலும் கோணலாத்தான் பாடும். பேச்சுக் காரியத்துல மனுசப்பிள்ளை கரிச்சான் மாதிரி. டிவி பேசும் கேட்டீங்களா, பிள்ளை முகம் பாத்துப் பேசுமா?"

"இனி பேசினா வருமா?"

"எவ்வளவு வரும்னு சொல்ல ஏலாது. இண்ணைக்கே தொடங்குங்க."

கலைச்செல்வி, பெற்ற பிள்ளையின் வாயில் தானே மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்று அங்கேயே தலையில் அடித்துக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் லிபி மடியில் இருந்தாள். கலைச்செல்வி கண்ணில் பட்டதையெல்லாம் சொல்லத் தொடங்கினாள். "பாருட்டி, அது வாழைக்குலை. அந்தா பாரு, நாய்க்குட்டி. அம்மா சொல்லு, அம்மா…" பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை.

லிபி மிரண்டுபோய் அம்மாவின் முகத்தையே பார்த்தாள். பிறகு தன் குட்டிக் கையால் அம்மாவின் வாயை இறுக்கப் பொத்தினாள்.

மூன்று வருஷமாக அம்மாவிடமிருந்து அவள் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான். கலைச்செல்வி அழுதுகொண்டே அந்தக் கைக்குள்ளேயே பேசிக்கொண்டிருந்தாள்.