மையண்ணன் கிழிக்கச் சொன்ன படம்

மையண்ணே, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது உங்கள் ‘காஞ்சொறி’ பத்திரிகையின் முதல் பக்கத்தை டீக்கடைச் சுவரில் ஒட்ட மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். பசை அடிப்பிடித்துவிட்டது. நீங்களும் போய்விட்டீர்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். என் அண்ணன் சூசை, அனுமந்தன்பட்டியில் இருந்துகொண்டு அரசியல்வாதிகளைக் கேலி செய்து மாதம் ஒரு பத்திரிகை போட்டார். சட்டையில் எப்போதும் மைக்கறை. அதனால் எனக்கு மையண்ணன். நான் ஐந்தாவதோடு நின்றவள். தாள் மடிப்பதும் ஒட்டுவதும் என் வேலை. தண்ணீர் தருவேன் என்று ஓட்டு வாங்கிய ஒரு தலைவர் கழுத்தில் காய்ந்த குழாயை மாலையாகப் போட்டு வரைந்தார். அந்தத் தலைவரே சுவரைப் பார்த்துவிட்டு, “ஏலே சூசை, தொப்பையவாவது கொறைச்சுப் போடக்கூடாதா?” என்று சிரித்தார்.

ஊருக்கே சோறு போடும் ஏலக்காய் விலை விழுந்த வருடம்தான் அந்தச் சனியன் பிடித்த படம். எங்கள் மாதா கோயிலில் தவக்காலத்தில், இயேசு சிலுவையில் சாகும் கதையை நடிக்கும் பாஸ்கு நாடகத்தில் அவருக்கு எதிராகக் கத்தும் யூதர்களுக்குக் காகிதக்கூழில் கொக்கி மூக்கு செய்து ஒட்டுவது அண்ணன்தான். அதே மூக்கோடு ஒருவன் உலக உருண்டையை அமுக்கிப் பிடித்திருப்பதாக வரைந்து, ‘விலையை இறக்குவது யூதன்’ என்று எழுதிவிட்டார். போனில் எவனோ அனுப்பியதை நம்பினாராம். ஊரே சிரித்தது, போனில் போட்டோ எடுத்து அனுப்பிக்கொண்டது. நானும் சிரித்துக்கொண்டேதான் ஒட்டினேன்.

பள்ளிக்கூடத்தில் அண்ணனுக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரி சிஸ்டர் மட்டும் வீடு தேடி வந்தார். “சூசை, நீ ஒரு யூதனையாவது பாத்திருக்கியா? இப்பிடி மூக்கு வரைஞ்சு வரைஞ்சுதான் சீமையில அந்தச் சனத்தைப் பிள்ளகுட்டியோட கொன்னாக.”

அண்ணன் அன்று சாப்பிடவில்லை. அடுத்த இதழின் முதல் பக்கம் முழுக்க, ‘நான் போட்டது பொய். அந்தப் படத்தைக் கிழித்துவிடுங்கள்’ என்று எழுதினார். அதை ஒருவரும் போனில் யாருக்கும் அனுப்பவில்லை. அடுத்த தவக்காலத்தில் மூக்கு செய்ய மாட்டேன் என்றார்.

“மூக்கு இல்லாம யூதன்னு எப்படித் தெரியும்?” என்று நாடகக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள்.

“அப்ப மாதாவுக்கும் ஒண்ணு ஒட்டுங்கப்பா. அவுகளும் யூதப் பொண்ணுதான்” என்றார் அண்ணன்.

இப்போது பார்த்தால், பஸ் நிறுத்தத்தில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ். நடுவில் அதே படம்! வைத்தது அண்ணனின் சிநேகிதர் பாண்டி. “ஏத்தா, அண்ணன் போட்டதுலயே இதத்தானே எல்லாரும் பாத்தாக” என்கிறார். மறுபடி பசை காய்ச்சி, ஸ்டூல் போட்டு ஏறி, உங்கள் மன்னிப்புப் பக்கத்தை அதன்மேல் ஒட்டினேன். இறங்கித் திரும்பினால், கீழே நின்றவர்கள் ஒருவருக்கொருவர் போனில் அனுப்பிக்கொண்டிருப்பது அந்தப் படம்தான். அடியில் உங்கள் பெயர்.

போய் வாருங்கள் அண்ணே. சுவர் என்றால் நான் பார்த்துக்கொள்வேன். இவர்கள் போனுக்குள் எந்தப் பசையைக் காய்ச்சி ஒட்டுவேன்?