சுட்ட எலும்பு

மூன்று வருடங்களாக என் மேல் எலும்பு நாற்றம் அடிக்கிறது. காட்டாங்குளத்தூரில் ஒரு ஆய்வகத்தில் மாட்டு எலும்பை வேகவைத்து, சுரண்டி, உலையில் சுட்டுப் பீங்கான் ஆக்குகிறேன். மனித எலும்பு உடைந்து பள்ளம் விழுந்தால் அடைப்பதற்கான பொருள். சொல்லும்போது கௌரவமாகத்தான் இருக்கிறது. செய்யும்போது குமட்டுகிறது.

எலும்பைப் பம்மலில் ஒரு கறிக்கடையில் வாங்குவேன். "இன்னாக்கா, சூப்புக் கடை போட்டுகீறியா?" என்று கடைக்காரர் ஒவ்வொரு முறையும் கேட்பார். ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருப்பவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஒருமுறை பையைத் திறந்தால் மூட்டுக்குழிக்குள் புழு நெளிந்தது. அதையும் நான்தான் கழுவினேன். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஊரப்பாக்கத்து வீட்டில், நான் பின்வாசல் வழியாக வந்து குளித்த பிறகுதான் சமையலறையில் கால் வைக்கலாம். அது அம்மாவின் சட்டம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும் நல்லி எலும்பைத் தட்டில் தட்டி உறிஞ்சுகிற அதே அம்மாதான்.

"திங்கிற எலும்பு வேற, நீ நோண்டுற எலும்பு வேறடி."

"தொள்ளாயிரம் டிகிரில சுடுறோம்மா, அதுல என்ன அழுக்கு மிஞ்சும்?" என்று கத்துவேன்.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு அமுங்கிவிட்டது. அதைத் தூக்கி நிறுத்தி, அடியில் உள்ள பள்ளத்தைப் பீங்கான் துகளால் நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் மறுபடி அமுங்கி நடை கோணலாகிவிடும் என்றார் தாம்பரத்து டாக்டர்.

"மாட்டு எலும்புல செஞ்சது இருக்கு, கெமிக்கல்ல செஞ்சது இருக்கு. ரெண்டுமே நல்லதுதான். உங்களுக்குத் தெரியாததா? எது வைக்கலாம்?"

என் கண்ணுக்குள் புழு நெளிந்தது. "கெமிக்கல், சார்" என்று வாய் முந்திக்கொண்டது.

அவர் எழுதிக்கொண்டு போனார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. மூன்று வருடம் பேசியதெல்லாம் ஊருக்கு உபதேசம். யாரோ ஒருவர் காலுக்கென்று சுட்டதை என் அம்மாவின் காலுக்குள் விட எனக்கு மனம் வரவில்லை.

கட்டிலில் இருந்த அம்மா என் கையைப் பிடித்தார்.

"என் பொண்ணு சுடுறதைத்தான் எனக்கு வைக்கப் போறாங்கன்னு பக்கத்து பெட் அக்காகிட்ட சொல்லிட்டேனே. ஏண்டி, அது நல்லா இருக்காதா?"

"நல்லாத்தான் இருக்கும்மா" என்றேன். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.