புளிக் குவியலைச் சுற்றி ஒரு வகுப்பு

எங்கள் அக்கா எட்டாவது வரை படித்தவள். ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அது பெரிய படிப்பு. அரசாங்கம் முதியோர் கல்வி ஆரம்பித்ததும், சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஊர்ப் பெண்களுக்கு நான் எழுத்துச் சொல்லித் தருகிறேன் என்று தானாகவே முன்வந்தாள். அம்மாவும் அவளுக்கு மாணவி. வீட்டில் அதிகாரம் அம்மாவிடம், வகுப்பில் அக்காவிடம். இருவருமே விட்டுக்கொடுக்கிற ஜாதி இல்லை.

ஆரம்பித்த நேரம் புளி சீசன். வேலையைப் போட்டுவிட்டு ஒருத்தியும் வகுப்புக்கு வரவில்லை. அதனால் அக்காவே கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு அவர்களிடம் போனாள். பெண்கள் குவியலைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து, ஓடு தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருப்பார்கள். அக்கா நடுவில் பழத்தை ஒதுக்கிவிட்டு, பலகையைத் தரையில் படுக்கவைத்து எழுதுவாள். அவர்கள் தட்டிக்கொண்டே படிப்பார்கள். அம்மா எப்போதும் அக்காவுக்கு நேர் எதிரே உட்காருவாள்.

கோடை முடியும் சமயம் திருப்பத்தூரிலிருந்து மேற்பார்வையாளர் வந்தார். பெண்கள் படித்துக் காட்டாவிட்டால் வகுப்பை வேறு ஊருக்கு மாற்றிவிடுவேன் என்று முன்பே சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கவலையில் அக்கா சரியாகச் சாப்பிடவுமில்லை. வந்தவர் பலகையைச் சுவரில் சாய்த்து, ‘மழை’ என்று எழுதிப் படிக்கச் சொன்னார். யாரும் வாயைத் திறக்கவில்லை. பெரியம்மா கழுத்தை வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். சித்தி இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தாள். அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது.

அம்மாதான் எழுந்து போய், பலகையைத் தூக்கித் தரையில் படுக்கவைத்தாள்.

“இப்டி வெச்சாத்தான் சார் எங்களுக்கு வரும்.”

பெண்கள் அவரவர் இடம் பார்த்துச் சுற்றி உட்கார்ந்தார்கள். பக்கவாட்டில் இருந்தவர்களுக்கு எழுத்து படுத்த வாக்கில் பழக்கம், அம்மாவுக்குத் தலைகீழாக. மேற்பார்வையாளர் அழித்து அழித்துப் புதிதாக எழுதிக் கேட்டார். எல்லாவற்றையும் படித்தார்கள். அவர் பலகையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார். இனிமேலாவது சுவரில் மாட்டிச் சொல்லிக்கொடு என்று அக்காவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வகுப்பு தப்பித்தது.

அன்று சாயங்காலம் களி தின்னும்போது, அக்கா சந்தோஷத்தில் அம்மாவை வம்புக்கு இழுத்தாள்.

“மத்தவங்கள வுடு. நீ இன்னாத்துக்கும்மா தலகீழா கத்துக்கினே? என் பக்கம் வந்து உக்காருன்னு எத்தினி தபா சொன்னேன்?”

அம்மா களியை உருட்டிக்கொண்டே சொன்னாள்: “உன் பக்கத்துல உக்காந்தா உன் மொகம் எனக்கு எங்க தெரியும்?”

அம்மா நன்றாகச் சமாளிக்கிறாள் என்று நினைத்து நான் மட்டும் சிரித்தேன். ஆடி கழிந்ததும் அக்காவுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீடு மலைக்கு அந்தப் பக்கம் என்பதெல்லாம் எனக்கும் தெரிந்ததுதான். எனக்கு எடுக்கப்போகும் பாவாடை பச்சையா சிவப்பா என்பதுதான் அப்போது என் கவலையாக இருந்தது.