ஆற்றில் கிடைத்த அகேட்

ஜவுளிக்கடை படுத்துவிட்டது என்பதற்காக என் நண்பன் ஆற்றில் கல் பொறுக்கக் கிளம்பினான். தானே தேடி எடுத்த அகேட் என்ற வரிக்கல்லை மோதிரத்தில் பதித்துப் போட்டால் வியாபாரம் எழுந்துவிடும் என்று ஜோசியர் சொல்லியிருந்தார். படித்த மனிதர்கள் மூன்று பேர், ஞாயிறும் அதுவுமாக, பாபநாசத்துக்குக் கீழே தாமிரபரணியில் குனிந்துகொண்டிருந்தோம்.

கல்லைவிடத் துணிதான் அதிகம் கிடைத்தது. தோஷம் கழிக்கக் குளிப்பவர்கள் உடுத்தியதை ஆற்றோடு விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊரார் பாவத்தையெல்லாம் சுற்றிக்கொண்டு, மூச்சு முட்டக் கிடந்தது நதி.

மதியம், பாறையில் சிக்கிய ஒரு வேட்டியை நண்பன் இழுத்தபோது அடியில் இருந்தது அந்தக் கல். வெயிலுக்கு நேரே பிடித்தோம். தேன் நிறத்தில், வரிவரியாக, வெளிச்சம் உள்ளே போய் வந்தது. சத்தியமாக அகேட்.

"ஏலே, கிடைச்சிட்டுல்லா!" என்று கத்தினேன்.

நண்பன் அந்த வேட்டியைத் திரும்பிப் பார்த்தான். "எவன் தோசமோ இதுமேல கிடந்திருக்கு வே. இத நான் விரல்ல போடவா?"

"கழுவிட்டுப் போடுலே" என்றான் மற்றவன்.

"எதுல கழுவ? இந்தத் தண்ணியிலயா?"

யுக யுகமாக ஒளி சேர்த்த கல்லை, ஒரு ஈர வேட்டிக்குப் பயந்து ஆழத்தில் வீசினான். தொட்ட தோஷம் போக முங்கி எழுந்தான். கட்டியிருந்த தன் கடைக் கைலியையும் ஆற்றில் விட்டுவிட்டு, துண்டோடு காரில் ஏறினான்.