கயிறு கட்டாமல் மகாபலிபுரம்

எங்கள் வீட்டில் நானும் அவரும் ஒரு அம்பாசிடர் காரும். மூன்று பேருக்குமே வயதாகிவிட்டது. அவருக்குப் பக்கவாதம் வந்த பிறகு கையும் காலும் பாதிக்குமேல் திரும்பி வந்தன. பேச்சுதான் அடம் பிடித்தது. சொல்ல வேண்டியது உள்ளே தெளிவாக இருக்கும், வாய் வரைக்கும் வரும், அங்கே நின்றுவிடும். ஒரு வார்த்தைக்கு எதிரே இருப்பவர் காத்திருக்க வேண்டும். யாருக்கு இருக்கிறது அந்தப் பொறுமை? எனக்கே இல்லை. தி.நகர் ஜவுளிக்கடையில் பில் போடும் இடத்தில் காலம் தள்ளியவள் நான். எதிரில் நிற்பவர் வாயைத் திறப்பதற்குள் பதில் சொல்லியே பழக்கம். அவரிடம் யார் என்ன கேட்டாலும் நான்தான் பதில். காபி வேணுமா? வேணாமாம். தூக்கம் வருதா? வருதாம்.

வண்டி மயிலாப்பூரில் எங்கள் தெருவில், மெட்ரோ தோண்டும் தடுப்பை ஒட்டி நின்று மண்ணைத் தின்றுகொண்டிருந்தது. வித்துடலாம் என்று நான் முடிவு பண்ணினேன். ஆனால் அவர் தினமும் சாயங்காலம் கீழே இறங்கி, இடது கையால் அதைத் துடைத்துவிட்டு வருவார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கோபம்தான் வரும். ஓட்ட முடியாத வண்டியை எதற்குக் குளிப்பாட்டுவது?

வாங்க ஆளும் தயார். பழைய கார் வைத்திருப்பவர்களின் கூட்டம் ஒன்றில் அவர் ரொம்ப காலமாக இருக்கிறார். அதிலேயே அடையாறுக்காரர் ஒருவர் எங்கள் வண்டிமேல் கண் வைத்திருந்தார். எப்போதும் தலையில் ஒரு வெள்ளைத் தொப்பி. "அக்கா, நான் புள்ள மாதிரி பாத்துக்குவேன்" என்பார். எனக்கு அது போதும் என்றிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து கூட்டத்தாரின் வருஷாந்திரப் பயணம் வந்தது. கடற்கரைச் சாலையிலேயே மகாபலிபுரம் வரை போய் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது. செய்தியை போனில் வாசித்துக் காட்டினேன். அவர் என்னையே பார்த்தார். "சரி, நான் ஓட்டறேன்" என்றேன். கல்யாணமான புதிதில் மெரினாவில் வைத்து அவர்தான் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார், நாங்கள் போட்ட சண்டையில் சுண்டல் விற்றவர்கள்கூட ஒதுங்கிப் போனார்கள். "ஆனா ஒண்ணு. வண்டி சொந்தமா மகாபலிபுரம் போய்ச் சேர்ந்துட்டா நீங்க சொல்றபடி. வழியில நின்னு, கயிறு கட்டி இழுத்தாங்கன்னா நான் சொல்றபடி. வித்துடணும்."

அவர் கையை நீட்டினார். குலுக்கினோம்.

அந்தக் கூட்டத்துக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. ரொம்ப மெதுவாகப் போகிற வண்டிதான் முன்னால் போகும், யாரும் முந்தக்கூடாது. இன்னொன்று, ஒரு வண்டி பானெட்டைத் திறந்தால் எல்லாரும் நிறுத்தி இறங்கிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சாந்தோமில் கூடினோம். எங்கள் ஒப்பந்தத்தை நானே எல்லாரிடமும் உளறிவிட்டேன். என்னைப் பார்த்ததும் ஒருமனதாக எங்கள் வண்டியை முன்னால் விட்டார்கள். அட, இவ்வளவு மரியாதையா என்று முதலில் பூரித்துப்போனேன். காரணம் புரிந்ததும் மூஞ்சி தொங்கிவிட்டது.

ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், என்ன ஒரு காலை அது! அடையாறு பாலத்தில் காற்று வந்து முகத்தில் அறைந்தது. திருவான்மியூர் தாண்டியதும் பைக்கில் போன பசங்கள் போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். ஒருத்தன், "ஆன்ட்டி, மாஸு!" என்று கத்தினான். எனக்கு வாயெல்லாம் பல். பக்கத்தில் அவர் ஜன்னலில் கை போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். என் கியர் சத்தம் கேட்கும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்வார். "வலிக்குதா? வலிக்கட்டும்" என்றேன். சிரித்தார். அப்படி அவர் சிரித்து எத்தனை நாளாயிற்று!

முட்டுக்காடு தாண்டி ஒரு நாய் குறுக்கே வந்தது. ஓங்கி பிரேக் மிதித்தேன். நாய் பிழைத்தது. வண்டி ஒரு இருமல் இருமிவிட்டு நின்றுபோனது. சாவியைத் திருகினேன். கரகரவென்று சுற்றியதே தவிர, பிடிக்கவில்லை. மறுபடியும் திருகினேன். ஊஹூம். இவ்வளவு நாள் வித்துத் தொலைக்கணும் என்று சொன்னவளே நான்தான். ஆனாலும் அந்த நிமிஷம், ஐயோ, இன்னும் கொஞ்ச தூரம்தானே, போயிடேன் என்று அந்த ஸ்டியரிங்கைக் கெஞ்சினேன்.

இறங்கி பானெட்டைத் திறந்தேன். அவ்வளவுதான், பின்னால் வந்த அத்தனை வண்டிகளும் சவுக்குத் தோப்போரம் ஒதுங்கின. ஆளுக்கொரு ஸ்பேனரோடு ஓடி வந்தார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் இடம் பிடிக்கிற மாதிரி வேகம். "கார்புரேட்டர்தான்" என்றார் ஒருவர். "அதெல்லாம் இல்ல, இக்னிஷன் காயில் போயிருக்கு" என்றார் இன்னொருவர். கூட்டத்தில் ஒரு பல் டாக்டர் உண்டு. டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்த்தார். ஆ காட்டு என்று சொல்லாதது ஒன்றுதான் பாக்கி. காயிலை மாற்றினார்கள். வயரைக் கழற்றி மாட்டினார்கள். கார்புரேட்டரின் பாதி ஒரு துண்டின்மேல் வந்து உட்கார்ந்தது. வண்டி அசையவில்லை.

நடுவில் நான் வந்து அவரை எட்டிப் பார்த்தேன். டிரைவர் பக்கம் டேஷ்போர்டுக்குக் கீழே சாமான் வைக்கிற தட்டில் நான் செருகியிருந்த மாத்திரைப் பையைக் காட்டிக் காட்டி ஏதோ சொல்ல முயன்றுகொண்டிருந்தார். "இப்பதானே மாத்திரை போட்டீங்க" என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினார். மறுபடியும் பையைக் காட்டினார். "தண்ணியா?" பாட்டிலைக் கொடுத்தேன். வாங்கி, கோபமாக சீட்டில் போட்டார். "அண்ணனுக்கு வெயில் ஒத்துக்கல, நிழல்ல உக்கார வைங்க" என்று ஒருவர், காது கேட்காதவரிடம் பேசுகிற மாதிரி அவர் முகத்தருகே குனிந்து கத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் காது நல்லாத்தான் இருக்கு!

"பாத்தவரைக்கும் போதும்க்கா. எங்கிட்ட கயிறு இருக்கு, இழுத்துடலாம்" என்றார் வெள்ளைத் தொப்பி. கயிறு ஏற்கெனவே கையில் இருந்தது. கல்யாணத் தாலிபோல் அதை ஏந்திக்கொண்டு எங்கள் பம்பர் பக்கம் குனிந்தார். நான் ஒதுங்கி வழிவிட்டேன். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம்தானே.

அப்போதுதான் ஹாரன் அலறியது.

பானெட்டுக்குள் தலை விட்டிருந்தவர்கள் துள்ளினார்கள். டாக்டருக்கு மண்டையில் நல்ல இடி. பார்த்தால், நீளமான ஒரே சீட்டில் தானாகவே நகர்ந்து நகர்ந்து, டிரைவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார் அவர். எல்லாரும் பார்க்கும்வரை ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. பிறகு துண்டின்மேல் கிடந்ததைக் காட்டி, உள்ளே மாட்டுங்கள் என்று சைகை செய்தார். மறுபேச்சில்லாமல் மாட்டினார்கள். என் மாத்திரைப் பையைத் தட்டிலிருந்து வெளியே எடுத்தார். இடது கையைத் தட்டின் உள்கோடியில் விட்டுத் துழாவினார். டிக் என்றொரு சத்தம். சாவியைத் திருகினார். முதல் திருகிலேயே பிடித்துக்கொண்டது.

திருட்டு சுவிட்சு! யாரும் வண்டியை ஓட்டிக்கொண்டு போய்விடக்கூடாது என்று அவரே எப்போதோ ரகசியமாக வைத்தது. அதை அமுக்கினால் என்ஜினுக்குக் கரண்ட் போகாது. நான் பிரேக் மிதித்ததும் பை சறுக்கிப் போய் அதன்மேல் இடித்திருக்கிறது. அவர் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறார். அத்தனை பேரில் ஒருவருமே அவரைக் கேட்கவில்லை. நான் உட்பட.

"பொண்டாட்டிகிட்டகூடவா மறைப்பீங்க?" என்று கத்தினேன். கத்தும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் என் விரலைப் பிடித்து, தட்டின் உள்கோடிக்குக் கொண்டுபோய், அந்தச் சின்னக் குமிழின்மேல் வைத்தார். "இந்தா" என்றார். ஒரே ஒரு வார்த்தை, சிக்காமல் வந்தது. பிறகு நகர்ந்து தன் இடத்துக்குப் போய் ஜன்னலில் கை போட்டுக்கொண்டார்.

மகாபலிபுரத்தில் பொங்கலும் வடையும். வெள்ளைத் தொப்பி எங்கள் எதிரில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, வழியில நின்னுதான போச்சு? அப்ப வண்டி விஷயம்…"

பதில் சொல்ல வாயைத் திறந்துவிட்டேன். பழக்கம். பிறகு மூடிக்கொண்டு, பக்கத்தில் திரும்பி அவரைப் பார்த்தேன். அவருடைய உதடு அசைந்தது, நின்றது, மறுபடி அசைந்தது. எனக்குத் தொண்டை வரைக்கும் அந்த வார்த்தை வந்து முட்டியது. வடையைக் கையில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"விக்கல" என்றார்.

வெள்ளைத் தொப்பி என் பக்கம் திரும்பினார். "நீங்க என்னக்கா சொல்றீங்க?"

"அதான் அவரே சொல்லிட்டாரே" என்றேன்.